'அவர் கேங்' ஊமைப்படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'அவர் கேங்' என்பது என்ன?

அமெரிக்கத் தயாரிப்பாளர் ஹால் ரோச் 1922-இல் தொடங்கிய நகைச்சுவைக் குறும்படத் தொடர். 'நம்ம கூட்டம்' என்று பொருள். ஒரே தெருவில் சுற்றித் திரியும் ஏழெட்டுப் பொடிசுகள், ஒரு நாய், சில படங்களில் டைனா என்ற கோவேறு கழுதை. நட்சத்திரப் பட்டாளம் இவ்வளவுதான். கலிபோர்னியாவில் கல்வர் சிட்டியில் ரோச்சுக்குச் சொந்தமாக ஒரு ஸ்டுடியோ இருந்தது. படங்கள் அதற்குள்ளும் அக்கம்பக்கத்துத் தெருக்களிலும் எடுக்கப்பட்டவை.

தொடர் 1944 வரை ஓடியது. மொத்தம் 220 குறும்படங்கள், ஒரே ஒரு முழுநீளப் படம். நடுவில் 1938-இல் ரோச் தொடரையே எம்ஜிஎம் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். இந்தப் பக்கம் 1922 முதல் 1929 வரை வந்த ஊமைப்படங்களைப் பற்றியது. அவை மட்டுமே 80-க்கும் மேல் இருக்கின்றன. பிற்காலத்துப் பேசும் படங்கள்தான் அதிகம் பேருக்குத் தெரியும். என்னைக் கேட்டால், தொடரின் சரக்கு ஊமைப்படங்களில்தான் இருக்கிறது.

இந்த யோசனை ரோச்சுக்கு எப்படி வந்தது?

அவரே பல பேட்டிகளில் சொன்ன கதை ஒன்று உண்டு. ஒரு நாள் நடிப்புத் தேர்வுக்கு ஒரு சிறுமியை அழைத்து வந்திருக்கிறார்கள். முகம் நிறைய ஒப்பனை, மனப்பாடம் செய்த பாவனை. ரோச்சுக்குச் சலித்துவிட்டது. அவளை அனுப்பிவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தால், எதிரே மரக்கடையில் பொறுக்கிய கட்டைகளை வைத்துக்கொண்டு சில பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களாம். இருப்பதிலேயே பெரிய கட்டையைப் பொடியன் எடுத்துக்கொண்டான், அதைப் பெரியவன் கேட்கிறான், இவன் தரமாட்டேன் என்கிறான். பத்துப் பதினைந்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாராம். நமக்கே நேரம் போனது தெரியவில்லை என்றால், கொட்டகையில் இருப்பவர்களும் பார்ப்பார்களே என்று தோன்றியிருக்கிறது.

திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை என்பது கேட்டாலே தெரியும். ஆனால் படங்களைப் பார்த்தால் அதில் இருக்கும் கருத்து பொய்யில்லை என்றும் தெரியும். அந்தக் காலத்துச் சினிமாவில் குழந்தை என்றால் அழகாக அழ வேண்டும், இல்லையென்றால் குட்டிப் பெரியவர்களாக வசனம் பேச வேண்டும். ரோச்சின் பிள்ளைகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

முதல் படம் எது?

இரண்டு பதில் உண்டு. முதலில் எடுத்தது 'அவர் கேங்' என்ற படம். அதை முதலில் ஃபிரெட் நியூமேயர் இயக்கினார். அந்த வடிவம் சரிப்படவில்லை என்று ராபர்ட் மெக்கவன் என்பவரிடம் கொடுத்து மறுபடி எடுக்க வைத்தார்கள். முதலில் திரைக்கு வந்ததோ 'ஒன் டெரிபிள் டே', 1922 செப்டம்பரில். பணக்காரச் சீமாட்டி ஒருத்தி நல்லெண்ணத்தோடு இந்தப் பிள்ளைகளைத் தன் பண்ணை வீட்டுக்கு அழைத்துப் போகிறாள். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு படம் எவ்வளவு நேரம் ஓடும்? ஏன் எல்லோரும் இவ்வளவு வேகமாக ஓடுகிறார்கள்?

பெரும்பாலானவை இரண்டு ரீல் படங்கள். ஒரு ரீல் என்றால் ஏறக்குறைய 1000 அடி. 35 மி.மீ. படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள் (தனித்தனிப் படங்கள்), ஆக ஒரு ரீலில் 16,000 சட்டகங்கள். வினாடிக்கு 24 சட்டகம் ஓட்டினால் ஒரு ரீல் 11 நிமிடம் வரும். அதையே வினாடிக்கு 16 என்று ஓட்டினால் 16 நிமிடத்துக்கு மேல் நீளும். அதனால்தான் ஒரே படத்துக்கு ஓரிடத்தில் 20 நிமிடம் என்றும் இன்னோரிடத்தில் 27 நிமிடம் என்றும் போட்டிருக்கும். இரண்டும் தப்பில்லை.

ஊமைப்பட காலத்தில் கேமராவின் கைப்பிடியைக் கையால் சுற்றிப் படம் எடுத்தார்கள். வேகம் ஆளுக்கு ஆள் மாறும், காட்சிக்குக் காட்சியும் மாறும். ஒலி வந்த பிறகுதான் வினாடிக்கு 24 என்று நிலைத்தது. மெதுவாக எடுத்ததை 24-இல் ஓட்டினால் எல்லோரும் துள்ளித் துள்ளி நடப்பார்கள். ஆனால் நகைச்சுவைப் படங்களில் துரத்தல் காட்சிகளை வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாகத் தெரியும்படிதான் எடுத்தார்கள். இணையத்தில் கிடைக்கும் பிரதி கண்ணை உறுத்தினால் வேகத்தை 0.75 என்று வைத்துப் பாருங்கள். அதற்கும் கீழே இறக்கினால் சிரிப்பும் இறங்கிவிடும்.

நான் ஒன்றும் பார்த்ததில்லை. எதில் தொடங்கலாம்?

'ஒன் வைல்ட் ரைடு' (1925). பிள்ளைகள் டாக்சி நடத்துகிறார்கள். வண்டியில் எஞ்சின் கிடையாது. ஒரு குதிரையைக் கட்டி மேட்டு உச்சிவரை இழுத்துப் போவது, அங்கிருந்து சும்மா உருட்டிவிடுவது, இதுதான் சவாரி. குதிரைக்குச் சொந்தக்காரர் வந்து குதிரையை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார். தொழில் படுத்துவிடுமா? போகிற வருகிற கார்க்காரர்களுக்குத் தெரியாமலே அவர்கள் வண்டியை வைத்துத் தங்கள் டாக்சியை மேலே இழுக்க வழி கண்டுபிடிக்கிறார்கள். கடைசியில் கூட்டத்திலேயே சின்னவனான ஃபரினா மட்டும் வண்டியில் இருக்க, அது தன் போக்கில் ஊருக்குள் இறங்கி ஓடுகிறது. பெரியவர்கள் சிதறி ஓடும் அந்தத் தெருவைப் பாருங்கள். 1925-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் சுற்றுவட்டாரம் எப்படி இருந்தது என்பதற்கும் அது ஒரு சாட்சி.

நுங்குக் கூந்தலைக் கவட்டைக் குச்சியில் செருகி வண்டி ஓட்டிய யாருக்கும் இந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து 'டாக்ஸ் ஆஃப் வார்' (1923). முதல் பாதியில் அழுகல் காய்கறிகளைக் குண்டாக வைத்துப் பதுங்குகுழிப் போர். முதல் உலகப்போர் முடிந்து ஐந்து வருடம்கூட ஆகாத நேரம் என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். தலைக்கவசம், சல்யூட், சரணடைதல் எல்லாவற்றையும் பிள்ளைகள் அப்பா சித்தப்பாக்களிடமிருந்து பிடித்திருக்கிறார்கள். பக்கத்துச் சினிமா ஸ்டுடியோவில் நடித்தால் காசு கிடைக்கும் என்று தெரிந்ததும் போர் அந்த இடத்திலேயே நின்றுபோகிறது. வாசலில் விரட்டப்பட்டு, திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்து, ஒவ்வொரு படப்பிடிப்பாகக் கெடுத்துக்கொண்டே போகிறார்கள். அப்போது ரோச் ஸ்டுடியோவின் பெரிய நட்சத்திரமான ஹெரால்டு லாய்டு இதில் ஒரு காட்சியில் தலைகாட்டுகிறார். அவர் அந்த நேரத்தில் நடித்துக்கொண்டிருந்த 'வொய் வொரி' படத்தின் படப்பிடிப்பிலேயே இந்தக் கூட்டம் புகுந்துவிடுகிறது.

மூன்றாவதாக 'தி சன் டவுன் லிமிடெட்' (1924) பார்க்கலாம். பிள்ளைகள் சொந்தமாக ரயில் பாதை போடுகிறார்கள், போட்டிக்காரப் பயல் ஒருவனின் கைவரிசையால் ரயில் தடத்தை விட்டு ஊருக்குள் போகிறது. இந்த மூன்றும் பிடிக்கவில்லை என்றால் மற்றவையும் பிடிக்காது, விட்டுவிடலாம்.

கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லையே, எதற்குச் சிரிக்கிறோம்?

கதை எப்போதும் ஒன்றுதான். பெரியவர்களிடம் ஒரு பொருளோ தொழிலோ இருக்கிறது. பிள்ளைகளை உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். பிள்ளைகள் அதேபோல ஒன்றைக் கொல்லைப்புறத்தில் செய்துவிடுகிறார்கள். தீயணைப்பு நிலையம், குத்துச்சண்டை மேடை, குதிரைப் பந்தயம், சர்க்கஸ், சினிமா என்று வருடக்கணக்கில் இதையே மாற்றி மாற்றி எடுத்தார்கள். 'தி பிக் ஷோ' (1923) படத்தில் பொருட்காட்சிக்குள் விடவில்லை என்று தாங்களே ஒரு பொருட்காட்சி வைக்கிறார்கள். அதில் சாப்ளின், லாய்டு போன்ற நட்சத்திரங்களைப்போல வேஷம் போட்டு ஆடும் பகுதியை மட்டும் தனியாகப் பார்த்தாலும் போதும்.

சிரிப்பின் மூலம் அந்தச் சாமான்களில் இருக்கிறது என்பது என் எண்ணம். எண்ணெய் டின், தேய்ந்த சக்கரம், தள்ளுவண்டிப் பலகை, கயிறு, கப்பி. ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது, எப்படி இயங்குகிறது என்பது திரையில் தெளிவாகத் தெரியும். அதைச் செய்தவர்கள் ஸ்டுடியோவின் சாமான் பிரிவுக்காரர்கள்தான். இருந்தாலும் ஒரு பத்து வயதுப் பையனால் செய்திருக்க முடியும் என்று நம்பும்படி செய்திருக்கிறார்கள்.

இன்னொன்று, பிள்ளைகள் யாரும் சிரிப்பதற்காக எதையும் செய்வதில்லை. டாக்சி ஓட்டுவது அவர்களுக்கு வியாபாரம். முகத்தில் அந்தக் கவலை இருக்கும்.

யார் யார் நடித்தார்கள்?

வளர வளர ஆட்களை மாற்றிக்கொண்டே இருந்தார்கள் என்பதால் முழுப் பட்டியல் மிக நீளம். முக்கியமானவர்கள் மட்டும்.

எர்னி மாரிசன், செல்லப்பெயர் 'சன்ஷைன் சாமி'. 1912-இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர், ஆரம்பக் கூட்டத்தில் பெரியவர். தொடருக்கு முன்பே ரோச்சிடம் ஒப்பந்தத்தில் இருந்தார். ஹாலிவுட்டில் நீண்டகால ஒப்பந்தம் பெற்ற முதல் கறுப்பின நடிகர் என்று இவரைச் சொல்வார்கள். நேரம் பிடித்து விழுவதிலும் திரும்பிப் பார்ப்பதிலும் கைதேர்ந்தவர். 1924-இல் மேடை நிகழ்ச்சிகளுக்குப் போய்விட்டார்.

மிக்கி டேனியல்ஸ், புள்ளி முகத்துத் தலைவன். மேரி கோர்ன்மன், கூட்டத்தின் பெண்பிள்ளை, ரோச் ஸ்டுடியோவின் புகைப்படக்காரர் ஒருவரின் மகள். ஜாக் டேவிஸ், ஹெரால்டு லாய்டின் மனைவி மில்ட்ரெட் டேவிஸின் தம்பி. சிலுப்பிய தலையோடு ஜாக்கி காண்டன். கொஞ்ச நாள் கழித்து வந்து 1929 வரை இருந்த குண்டுப் பையன் ஜோ காப். ஆரம்பக் கூட்டத்தில் பாதிப்பேர் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர்களின் வீட்டுப் பிள்ளைகளும் சொந்தங்களும்தான். தேடுதல் வேட்டையெல்லாம் பெயர் வந்த பிறகு.

பின்பாதியில் ஜானி டவுன்ஸ், ஜே ஸ்மித், ஹாரி ஸ்பியர், ஜீன் டார்லிங், மேரி ஆன் ஜாக்சன், 'வீசர்' என்ற பாபி ஹட்சின்ஸ் ஆகியோர் சேர்ந்தார்கள். மேரி ஆனை மட்டும் தனியாகக் கவனியுங்கள். அலுத்துப்போன ஒரு பார்வையிலேயே காட்சியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

ஃபரினா பையனா பெண்ணா?

பையன். பெயர் ஆலன் ஹாஸ்கின்ஸ், பிறந்தது 1920-இல். தொடரில் சேர்ந்தபோது நடை பழகி அதிக நாள் ஆகியிருக்காது. ஃபரினா என்பது அங்கே குழந்தைகளுக்குக் கொடுக்கும் கோதுமைக் கஞ்சியின் பெயர். தலை நிறையக் குட்டிக் குட்டிச் சடை, பெரிய காலணி, சில படங்களில் பாவாடை. ஸ்டுடியோவே குழப்பத்தை விளம்பரமாகப் பயன்படுத்திக்கொண்டது.

1931 வரை 105 படங்களில் நடித்தார். ஊமைப்பட காலத்தில் கூட்டத்திலேயே மிகவும் பேர் பெற்றவர் இவர்தான். காரணம் தெரிய வேண்டுமென்றால் அழும் காட்சிகளைப் பாருங்கள். முதலில் கீழ் உதடு மட்டும் வெளியே வரும், கண்ணில் நீர் நிற்கும், அழுகை இன்னும் வந்திருக்காது. பெரிய நடிகர்களுக்கே அந்த இடைவெளியில் நிற்பது கஷ்டம்.

வசனம் படிக்கவே தெரியாத வயதில் எப்படி நடிக்க வைத்தார்கள்?

இதற்கு ஊமைப்படமாக இருந்ததே பெரிய உதவி. கேமரா ஓடும்போது இயக்குநர் பேசிக்கொண்டே இருக்கலாம், எதுவும் பதிவாகாது. இயக்குநர் மெக்கவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு 'இப்போ திரும்பு, அங்க பாரு, அவன் உன் மிட்டாயை எடுக்கிறான்' என்ற பாணியில் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் செய்வார்கள். காட்சியைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்காமல் விளையாட்டாக ஆக்கிவிடுவார். பிள்ளைகளுக்கு அவர் 'பாப் மாமா'. சினிமாவுக்கு வருமுன் டென்வரில் தீயணைப்பு வீரராக இருந்தவர்.

அதனால் சில காட்சிகளில் பிள்ளைகளின் கண் ஒரு கணம் கேமராவுக்குப் பக்கத்தில் போய் வருவதைப் பிடிக்கலாம். தப்பு என்று சொல்ல மனம் வராது. பத்து வருடத்துக்கும் மேல் இந்தக் கூட்டத்தை மேய்த்துவிட்டு, உடம்பும் மனசும் களைத்து 1933-இல் மெக்கவன் விலகினார். ஊமைப்பட காலத்தின் கடைசியில் சில படங்களை அவர் சகோதரரின் மகன் ஆண்டனி மேக் என்ற பெயரில் இயக்கினார். அவை கொஞ்சம் மட்டுதான்.

நடுநடுவே வரும் எழுத்து அட்டைகளை யார் எழுதினார்கள்?

பெரும்பாலும் எச். எம். வாக்கர். பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். ரோச் ஸ்டுடியோவின் லாய்டு, லாரல்-ஹார்டி படங்களுக்கும் அவர்தான். பாத்திரங்களை அறிமுகப்படுத்தும் அட்டைகளில் ஒரு வரி நக்கல் இருக்கும். தொடக்கப் படங்களில் டாம் மெக்னமாரா என்ற கேலிச்சித்திரக்காரரின் கையும் உண்டு.

ஆங்கிலம் படிக்கத் தெரியாத பிள்ளைகளோடு எப்படிப் பார்ப்பது?

அட்டை வந்ததும் நீங்கள் தமிழில் சொல்லுங்கள். வரிக்கு வரி வேண்டாம். 'டேய், குதிரைய ஓட்டிட்டுப் போறாருடா' என்று சொன்னால் முடிந்தது. இரண்டாவது படத்திலிருந்து பிள்ளைகளே சொல்ல ஆரம்பிப்பார்கள், அப்புறம் உங்களைப் பேசவிட மாட்டார்கள்.

பின்னணி இசையைப் பற்றி ஒன்று. அந்தக் காலத்தில் கொட்டகையில் பியானோவோ ஆர்கனோ வாசிக்க ஓர் ஆள் இருப்பார். இன்று நாம் கேட்பது பிறகு யாரோ சேர்த்தது. சில பிரதிகளில் படத்துக்குச் சம்பந்தமே இல்லாத இசையைப் போட்டு அப்படியே ஓடவிட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் ஒலியை நிறுத்திவிடுவது உத்தமம்.

மிக்கியின் முகப்புள்ளிகள் ஒப்பனையா?

இல்லை, சொந்தப் புள்ளிகள். ஆனால் நேரில் இருந்ததைவிடத் திரையில் கறுப்பாகத் தெரிந்திருக்கும். அப்போது பயன்பாட்டில் இருந்த ஆர்த்தோகுரோமேட்டிக் படச்சுருளுக்குச் சிவப்பு நிறம் பிடிபடாது, நீலம் நன்றாகப் பிடிபடும். சிவப்பும் பழுப்பும் கறுத்துவிடும், நீல வானம் வெள்ளையாகிவிடும். அந்தக் காலத்துப் படங்களில் மேகமே இல்லாத வெளிறிய வானத்தைப் பார்த்திருப்பீர்களே, அதே காரணம்தான். 1920-களின் பின்பாதியில் எல்லா நிறத்தையும் பிடிக்கும் சுருள் பரவலானது.

இவற்றில் இனவெறி இருக்கிறது என்கிறார்களே?

இருக்கிறது. அதோடு, அந்தக் காலத்துக்கு மிகவும் அபூர்வமான ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1922-இல் அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தையும் வெள்ளைக் குழந்தையும் ஒரே பள்ளியில் படிப்பது சட்டப்படி முடியாது. பல கொட்டகைகளில் கறுப்பினத்தவர் மாடியில்தான் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் இந்தப் படங்களில் சாமியும் மிக்கியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பிரம்படிக்குப் பயப்படுகிறார்கள். திட்டம் போடுவதில், ஏமாற்றுவதில், மாட்டிக்கொள்வதில் நிறம் குறுக்கே வருவதில்லை. 'லாட்ஜ் நைட்' (1923) படத்தில் பிள்ளைகள் வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானைக் கேலி செய்யும் பெயரில் ஒரு ரகசியச் சங்கம் வைக்கிறார்கள். அதில் சாமியும் ஃபரினாவும்கூட உறுப்பினர்கள். கிளான் ஊர்வலம் போய்க்கொண்டிருந்த காலத்தில் எடுத்த படம் அது.

ஆனால் அதே படங்களில் ஃபரினா தர்பூசணியைக் கண்டால் பாய்வான், வெள்ளைத் துணியைப் பார்த்தால் பேய் என்று நடுங்குவான். இரண்டும் கறுப்பினத்தவரை மட்டம் தட்டும் பழைய கேலி முத்திரைகள். கறுப்பினப் பாத்திரங்கள் பேசும் அட்டைகளில் மட்டும் எழுத்துக் கொச்சை வரும். 'பேபி பிரதர்' (1927) படத்தில் தம்பிப் பாப்பா வேண்டும் என்று கேட்கும் ஜோவுக்கு, ஒரு கறுப்பினக் குழந்தைக்குக் காலணிப் பாலிஷால் வெள்ளையடித்து விற்கிறான் ஃபரினா. படத்தில் இயந்திர வரிசையில் குழந்தைகளைக் குளிப்பாட்டும் பகுதி தொடரிலேயே சிறந்த கற்பனைகளில் ஒன்று. அதை ரசித்த கையோடு அந்த வெள்ளையடிப்பையும் விழுங்க வேண்டியிருக்கிறது. செவ்விந்தியர்களையும் சீனர்களையும் காட்டும் இடங்களிலும் இதே கதைதான்.

மாரிசன் பிற்காலத்தில் ரோச்சைப் பற்றி நல்லவிதமாகவே பேசினார், நிறம் பார்க்காதவர் என்றார். வேலை செய்த இடத்தைப் பற்றிய அவர் சாட்சியத்தை நாம் மறுக்க முடியாது. திரையில் இருப்பதை அந்தச் சாட்சியம் மாற்றவும் முடியாது.

பிள்ளைகளுக்குக் காட்டுமுன் ஒருமுறை நீங்கள் மட்டும் பாருங்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் 'ஏன் இவனை மட்டும் இப்படிக் காட்டுறாங்க?' என்று தாங்களே கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்களா? சம்பளம் யாருக்குப் போனது?

ஸ்டுடியோவுக்குள்ளேயே ஒரு வகுப்பறை இருந்தது. ஃபெர்ன் கார்ட்டர் என்ற ஆசிரியை பல வருடங்கள் அங்கே பாடம் நடத்தினார். நடிப்பு, படிப்பு இரண்டையும் ஒரே நாளில் பங்கு போட வேண்டும்.

சம்பளம் பெற்றோர் கையில் போனது. அந்தக் காலத்தில் குழந்தை சம்பாதிப்பதெல்லாம் பெற்றோருக்கே சொந்தம். சாப்ளினோடு 'தி கிட்' (1921) படத்தில் நடித்த ஜாக்கி கூகன் பெரியவனானதும் தன் பணம் எங்கே என்று தேடினார். கிட்டத்தட்ட எல்லாம் கரைந்திருந்தது. 1938-இல் தாயின் மீதும் மாற்றாந்தந்தையின் மீதும் வழக்குப் போட்டார். அதன் விளைவாக 1939-இல் கலிபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. குழந்தை நடிகரின் வருமானத்தில் ஒரு பகுதியைத் தனியாகப் பூட்டி வைக்க வழி செய்த அது இன்றும் கூகன் சட்டம் என்றே அழைக்கப்படுகிறது. நம் கூட்டத்தின் ஊமைப்பட காலத்துப் பிள்ளைகள் அனைவரும் அதற்கு முந்தியவர்கள். 'பேபி பெக்கி' என்ற இன்னொரு ஊமைப்படக் குழந்தை நட்சத்திரம் சம்பாதித்தது பெரும் தொகை, பெரியவளானபோது கையில் ஒன்றும் இல்லை. அவர் பிறகு எழுத்தாளராகி, 2020-இல் தமது 101-வது வயதில் காலமானார்.

நாயின் கண்ணைச் சுற்றி இருக்கும் வளையம் வரைந்ததா?

பாதி இயற்கை, பாதி சாயம். அந்த நாயின் பெயர் பால், திரையில் பீட். 1927-இல் வந்த 'டாக் ஹெவன்' படத்தில் முழுக்கதையும் பீட்டின் மேல்தான் நடக்கிறது. எஜமானன் தன்னை மறந்து ஒரு சிறுமியின் பின்னால் போய்விட்ட துக்கத்தில் தூக்கு மாட்டிக்கொள்ளப் போகும் நாயாக. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

ஒலி வந்தபோது என்ன ஆனது?

1929 மே மாதம் 'ஸ்மால் டாக்' என்ற முதல் பேசும் படம் வந்தது. பல ஊர்க் கொட்டகைகளில் ஒலிக்கருவி இன்னும் வரவில்லை என்பதால் அந்த வருடம் ஊமைப்படங்களும் கூடவே வந்துகொண்டிருந்தன. இயக்குநர் இனி வாயைத் திறக்க முடியாது. வசனத்தை முன்கூட்டியே மனப்பாடம் செய்ய வேண்டும். ஜோ காப், ஜீன் டார்லிங், ஹாரி ஸ்பியர் எல்லோரும் அந்த மாற்றத்தோடு வெளியேறினார்கள். முதல் பேசும் படங்களில் பிள்ளைகள் ஒருவர் பேசி முடிப்பதற்காக மற்றவர் காத்திருப்பது அப்பட்டமாகத் தெரியும். ஊமைப்படத்தில் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பேசும் படங்களிலும் 1930-களின் நடுவில் மிக நல்ல காலம் ஒன்று வந்தது, 'போர்ட் ஆஃப் எஜுகேஷன்' 1936-ஆம் ஆண்டுக்கான ஆஸ்கரும் வாங்கியது. அதற்குள் அது வேறு பிள்ளைகள், வேறு தொடர்.

'தி லிட்டில் ராஸ்கல்ஸ்' என்று பார்த்தது இதுதானா?

ஆமாம், பேசும் படங்களின் தொலைக்காட்சிப் பெயர் அது. 'அவர் கேங்' என்ற பெயர் எம்ஜிஎம் வசம் போய்விட்டதால் கொட்டகைகளில் மறுபடி வெளியிட்டபோது வேறு பெயர் வைத்தார்கள், 1955-இல் அதே பெயரில் தொலைக்காட்சிக்கும் வந்தன. 1994-இல் வந்த வண்ணப்படமும் அந்தப் பெயரில் எடுத்த மறுஆக்கம்தான்.

இதில் நடித்தவர்களுக்கெல்லாம் ஏதோ சாபம் என்கிறார்களே?

கட்டுக்கதை. இருபது வருடத்துக்கு மேல் ஓடிய தொடரில் நடித்தவர்கள் ஏராளம். அத்தனை பேரில் சிலருக்குத் துயரமான முடிவு வராமல் இருக்காது. பாபி ஹட்சின்ஸ் 1945-இல் விமானப் பயிற்சி விபத்தில் இறந்தார். ஜோ காப் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து 2002 வரை வாழ்ந்தார். ஆலன் ஹாஸ்கின்ஸ் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான மறுவாழ்வுப் பணியில் வாழ்நாளைக் கழித்தார். ஜீன் டார்லிங் அயர்லாந்தில் குடியேறி மர்மக் கதைகள் எழுதி 2015-இல் காலமானார். ரோச் 1892-இல் பிறந்து 1992-இல் இறந்தார், நூறு வயது. சாபம் என்று தலைப்புப் போட்டால் கட்டுரை விற்கும், அவ்வளவுதான்.

குழந்தைகளை வைத்து எடுத்த முதல் நகைச்சுவைப் படம் இவர்களுடையதா?

இல்லவே இல்லை. உலகின் முதல் நகைச்சுவைப் படம் என்று சொல்லப்படுவதிலேயே ஒரு பையன் இருக்கிறான். லூமியேர் சகோதரர்களின் 1895-ஆம் ஆண்டுப் படம் அது. தோட்டக்காரர் தண்ணீர் பாய்ச்சுகிறார், பையன் பின்னால் வந்து குழாயை மிதிக்கிறான், அவர் முனையை எட்டிப் பார்க்கிறார், இவன் காலை எடுக்கிறான். பிறகு பிடிபட்டு அடி வாங்குகிறான். ஒரு நிமிடத்துக்கும் குறைவு. சினிமா பிறந்த வருடத்திலேயே வாண்டுத்தனமும் பிறந்துவிட்டது.

'அவர் கேங்' ஓடத் தொடங்கியதும் போட்டித் தொடர்கள் வந்தன. 1927-இல் தொடங்கிய 'மிக்கி மகுவைர்' அவற்றில் பேர் பெற்றது, பின்னாளில் பெரிய நட்சத்திரமான மிக்கி ரூனி சிறுவனாக நடித்தது. சுமார்தான்.

இவற்றை இணையத்தில் பகிரலாமா? திரையிடலாமா?

அமெரிக்காவில் வெளியான ஆண்டிலிருந்து 95 வருடம் காப்புரிமை. 1929 படங்கள் 2025 ஜனவரி 1 அன்று பொதுவுடைமையாகிவிட்டன, ஆக ஊமைப்படங்கள் எல்லாம் அங்கே பொதுவில். இந்தியச் சட்டத்தில் திரைப்படத்துக்கு 60 வருடம், அதுவும் எப்போதோ முடிந்துவிட்டது. கவனிக்க வேண்டியது இசையை. பிரதியோடு வரும் பின்னணி இசை அண்மையில் யாரோ அமைத்ததாக இருக்கலாம், அதற்குத் தனி உரிமை உண்டு. பள்ளியிலோ நூலகத்திலோ திரையிடுகிறீர்கள் என்றால் ஒலியை நிறுத்திவிட்டு, ஹார்மோனியமோ கீபோர்டோ வாசிக்கத் தெரிந்த ஒருவரை உட்கார வைத்துவிடுங்கள்.

நல்ல பிரதியை எப்படி அடையாளம் காண்பது?

பழைய தொலைக்காட்சிப் பொட்டலங்களிலிருந்து வந்த பிரதிகளில் எழுத்து அட்டைகளை வெட்டியிருப்பார்கள், மேலே ஒரு கதைசொல்லியின் குரலும் ஒட்டியிருக்கும். அவற்றைத் தவிர்க்கவும். முகப்பில் படத்தைக் கொட்டகைகளுக்கு வெளியிட்ட பாத்தே நிறுவனத்தின் பெயர் (1927-இன் பிற்பாதியிலிருந்து வந்த பெரும்பாலானவற்றில் எம்ஜிஎம்) இருக்கிறதா, அட்டைகள் முழுதாக வருகின்றனவா, தலைகள் மேல்விளிம்பில் வெட்டுப்படாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஒரே நாளில் எத்தனை பார்க்கலாம்?

இரண்டு. அன்று கொட்டகையில் இவை செய்திப்படத்துக்கும் முழுநீளப் படத்துக்கும் நடுவே ஒன்றாகத்தான் ஓடின. நான்கைந்தைச் சேர்த்துப் பார்த்தால் எல்லாம் ஒரே படமாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.